காந்திபுரத்தில் லீவ்... ஆர்.எஸ்.புரத்தில் வேலை! கிளைகளுக்கு நடுவே காணாமல்போகும் வேலைநாள்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரம். கோவை காந்திபுரத்தில் ஓர் இனிப்புக் கடை. அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம், ``ஆர்.எஸ்.புரம் கடைல ஆள் பத்தல. ஒரு ஆறு நாள் அங்க போயி நில்லு கண்ணு'' என்கிறார் மேனேஜர் என்று வைத்துக்கொள்வோம். அவரும் போகிறார். காந்திபுரம் நோட்டில் ஆறு நாளும் அவருக்கு ஆப்சென்ட். ஆர்.எஸ்.புரம் நோட்டிலோ அவர் பெயரே இல்லை. கால் கடுக்க நின்ற ஆறு நாள்களும் கணக்கில் வரவில்லை என்பது, சம்பளக் கவரைப் பிரிக்கும்போதுதான் தெரிகிறது.

ஒரே கடை என்றால், கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலாளி எல்லோரையும் பார்த்துவிடுவார். மூன்று, நான்கு கிளைகள் ஆனதும்தான் சிக்கல். ஒரு கிளையில் நோட்டு, இன்னொன்றில் கைரேகை மெஷின், மற்றொன்றில் வாட்ஸ்அப் குரூப். எல்லாவற்றையும் மாதக் கடைசியில் ஒன்று சேர்ப்பது, பாவம், அக்கவுன்டன்ட் ஒருவர்தான்.

விடுபடுவது சம்பளம் மட்டுமல்ல. இ.எஸ்.ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் பொதுவாக 78 நாள்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தத் தகுதி இருந்தால், உடம்பு முடியாமல் போகும்போது 91 நாள்கள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் விசேஷம் என ஏற்கெனவே நிறைய லீவ் போட்டவர் 80 நாள்கள் உழைத்திருந்தும், கணக்கில் 74 என்று பதிவானால் அந்தத் தொகை கைக்கு வராது.

ஓவர்டைமிலும் இதே கதைதான். காலையில் ஒரு கிளையில் ஐந்து மணி நேரம், மாலையில் இன்னொன்றில் ஐந்து மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அரை நாள். கூட்டினால் 10 மணி நேரம்! தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதைத் தாண்டினால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும்.

இதைச் சரிசெய்யப் பெரிய சாஃப்ட்வேர்கூட வேண்டாம். கிளைக்குக் கிளை தனி நம்பர் தராமல், நிறுவனம் முழுக்க ஓர் ஊழியருக்கு ஒரே நம்பர் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். மாற்றி அனுப்பியவரின் வருகையை, அவர் போய்ச் சேர்ந்த கிளையே அன்றைக்கே பதிய வேண்டும். மெஷினை மட்டும் நம்பவும் முடியாது. தினமும் பாத்திரம் கழுவுகிறவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோய், மெஷின் பல நேரம் படிக்காது. அவர்களுக்கு கார்டோ, கையெழுத்தோ இருக்கட்டும். செல்போன் ஆப் வைத்தாலும், மால்களின் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் கடைகளில் ஜி.பி.எஸ் தடுமாறும். அதற்காகச் சம்பளத்தைப் பிடிப்பது என்ன நியாயம்?

ஊழியர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. வேறு கிளைக்குப் போகச் சொன்னால், அன்றைக்கே இரண்டு மேனேஜர்களுக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிடலாம்: `இன்று காலை 9.30 முதல் ஆர்.எஸ்.புரம் கடையில் இருக்கிறேன்.'