கூட்டைக் கலைத்தாலும் அது வேட்டைதான்

பறவையைச் சுட்டால் வேட்டை, கண்ணி வைத்தால் வேட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டையைச் சேதப்படுத்தினாலும் கூட்டைக் கலைத்தாலும் அதுவும் வேட்டைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள பறவை எங்கே கூடு கட்டியிருந்தாலும் இது பொருந்தும். சுந்தரவனத்துக்கு மட்டுமல்ல, கொல்கத்தாவின் டாலிகஞ்சில் உங்கள் வாசல் மரத்துக்கும்தான்.

கூடுகளை எங்கே பார்க்கலாம்?

டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் ரவீந்திர சரோவர். அங்குள்ள ஏரித் தீவுகளின் மரங்களில் நீர்க்காகமும் வக்காவும் வந்து அடைவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சுந்தரவனத்தின் சஜ்னேகாலி சரணாலயம். பரப்பு 362 சதுர கிலோமீட்டர். ஜாதவ்பூரில் கேனிங் லோக்கல் ரயிலைப் பிடித்து, கேனிங்கிலிருந்து சாலை வழியே கோட்காலி போய், அங்கே படகேற வேண்டும். மழைக்காலத்தில் நத்தைக்குத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் அங்கே குஞ்சு பொரிக்கும். படகுக்காரரிடம் ஷாமுக்கோல் (நத்தைக்குத்தி நாரை), பான்கௌரி (நீர்க்காகம்) என்று வங்காளப் பெயரில் கேளுங்கள், காட்டிவிடுவார்.

அசல் கடற்பறவையான ஆலாக்கள் வெறும் மணலிலும் பாறையிலும் முட்டையிடும். ஒடிசாவில் சிலிகா ஏரியின் நளபண தீவு, லட்சத்தீவின் பிட்டி, மகாராஷ்டிரக் கரையை ஒட்டிய வெங்குர்லா பாறைகள் ஆகியவை அவற்றின் பேறுகால இடங்கள். இறங்கி நடந்து பார்க்கிற இடங்கள் அல்ல.

நெருங்கினால் என்ன ஆகும்?

நத்தைக்குத்தி நாரை உச்சி வெயிலில் கூட்டின் விளிம்பில் நின்று, இறக்கையைத் தளர விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். நல்ல படம் கிடைக்குமென்று படகை இன்னும் பத்தடி உள்ளே விடச் சொல்கிறோம். பறவை எழும்பிவிடுகிறது. நிழல் போன கூட்டில் குஞ்சு வாய் பிளந்து இளைக்கிறது. முட்டையைக் கொத்தக் காகத்துக்கு ஒரு நிமிடம் போதும். இறகு பாதி முளைத்த குஞ்சு மிரண்டு கிளை நுனிக்கு ஓடித் தவறி விழுவதும் உண்டு. ஆலாவின் முட்டைக்கோ கூடே கிடையாது. தாய் எழுந்துவிட்டால் மிஞ்சுவது சுடுமணல்தான்.

அதனால் தூரத்தை அடிக்கணக்கில் அளக்க வேண்டாம், பறவையைப் பார்த்து அளந்தால் போதும். செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறதா? உடனே பின்வாங்குங்கள்.

தண்டனை

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

தெருவில் மரம் வெட்ட வந்தால்?

எச்சம் விழுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று கூடுள்ள கிளையை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய தொல்லையும் உண்மைதான். ஆனால் குஞ்சுகள் பறந்துபோகச் சில வாரங்களே ஆகும், அதன் பிறகு முறைப்படி கேட்கலாம். வனம் அல்லாத இடத்தில் மரம் வெட்டவும் மேற்கு வங்கத்தின் 2006-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2022-இல் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகக் கூடுகளோடு ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. வனத்துறை வழக்குப் பதிந்தது.

வெட்டுவதைப் பார்த்தால் முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். நாள், நேரம் தெரியும்படி படம் எடுங்கள். வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கை இல்லையா? வனவிலங்கு சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, நீங்களே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். பலர் பயன்படுத்தாத உரிமை இது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு கொல்கத்தாவிலேயே இருக்கிறது. வனவிலங்கு சட்டம் அதன் வரம்பில் இல்லை. ஏரி மாசு, சுற்றுச்சூழல் கேடு என்றால் 6 மாதத்துக்குள் அங்கே போகலாம். ரவீந்திர சரோவரில் சத் பூஜைக்குத் தடை விதித்தது அந்தத் தீர்ப்பாயம்தான்.

கீழே விழுந்த குஞ்சை வளர்க்க வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஏமாற்றும் ஏற்பாட்டாளர்

மழைக்காலத்தில் வனத்துறை சுந்தரவனப் பயணத்தை நிறுத்தி வைக்கலாம். அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே முன்பணம் கட்டுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியே இல்லாமல் பணம் வாங்கி ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு. தந்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

ஏற்பாட்டாளர் 'கூட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டிப் போகிறேன்' என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்பவர் இல்லாவிட்டால் அந்த வியாபாரமும் நின்றுவிடும்.