இரண்டு எண்களில் ஒரு நேரம்

‘மணி என்ன?’ என்று வினவினால் ஓர் எண்ணை விடையாகப் பெறுவதே நம் வழக்கம். அன்றாட வாழ்வுக்கு அது போதும். ஆனால், பல ஊர்களில் பரந்து கிடக்கும் கணிப்பொறிகள் ஒன்றுகூடி ஒரே கணக்கை எழுதும்போது, அந்த ஓர் எண்ணே பிழைக்கு வித்தாகிவிடக்கூடும். அது எவ்வாறு என்பதையும், அப்பிழையைத் தவிர்க்க மென்பொருள் வல்லுநர் கண்ட வழி யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்கேடுகள் சென்னையில் ஒரு கணிப்பொறியிலும் தில்லியில் மற்றொன்றிலும் இருக்கின்றன. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் மீதும் அந்தந்தக் கணிப்பொறி தன் கடிகார நேரத்தை முத்திரையாகப் பொறிக்கிறது; எது முந்தியது, எது பிந்தியது என்பதை அம்முத்திரைகளே முடிவு செய்கின்றன. பண அட்டையைப் பறிகொடுத்த ஒருவர், தம் கணக்கைப் பூட்டும்படி சென்னையில் கேட்கிறார். சரியாகப் பத்து மணிக்குக் கணக்குப் பூட்டப்படுகிறது. ‘பூட்டியாயிற்று’ என்னும் விடையும் அவருக்குக் கிடைக்கிறது. அடுத்த விநாடியில் திருடன் தில்லியில் அட்டையைச் செலுத்துகிறான். தில்லிக் கடிகாரமோ 2 விநாடி பின்தங்கியது. அது 9 மணி 59 நிமிடம் 59 விநாடி என்று காட்டுகிறது. அந்நேரத்தில் கணக்கின் நிலை என்ன என்று ஏட்டைப் புரட்டினால், திறந்தே இருந்ததாகத் தெரிகிறது. பணம் போய்விடுகிறது! ‘பூட்டுமுன் எடுத்த பணம்’ என்று ஏடும் சாட்சி சொல்லுகிறது. நட்டம் யாரைச் சாரும்?

கடிகாரங்களைத் திருத்தி வைத்தால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். முற்றும் திருத்துதல் இயலாது. கணிப்பொறியிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பு வெப்பநிலைக்கேற்பச் சிறிது மாறும். சரியான நேரத்தைப் பிறிதோரிடத்திலிருந்து கேட்டறியலாமெனில், அச்செய்தி வந்து சேரவும் நேரம் ஆகிறது. தில்லியில் எழும் வானொலி அலை சென்னையை எட்டவே ஏறத்தாழ 6 மில்லி விநாடி, அதாவது விநாடியின் ஆயிரத்தில் 6 பங்கு, கழிந்துவிடும். கண்ணாடி இழை வழியே இன்னும் மிகுதியாகும்.

கடிகாரமே இன்றிச் செய்திப் போக்கைக் கொண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் வழியை 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் விளக்கினார். செய்தியை அனுப்பியது முன், பெற்றது பின். ஆயினும் இதிலுள்ள குறையை அவரே எடுத்துக்காட்டினார். ஒருவர் ஒரு கணிப்பொறிக்கு ஒரு பணியை இட்டுவிட்டு, வேற்றூர் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அவ்வூர்க் கணிப்பொறிக்கு மற்றொரு பணியை இடச் சொல்லலாம். அத்தொலைபேசிப் பேச்சைக் கணிப்பொறிகள் அறியா. ஆதலின் உலக நேரத்தை அடியோடு கைவிடவும் இயலாது.

இச்சிக்கலுக்கு, 2012-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தார் விவரித்த ‘ஸ்பானர்’ என்னும் தரவுத்தள அமைப்பு ஒரு விடை தந்தது. அதன் நேரப் பகுதிக்கு ‘ட்ரூடைம்’ என்று பெயர். அதனிடம் மணி கேட்டால் இரண்டு எண்களைத் தரும். மெய்யான நேரம் முதல் எண்ணுக்கு முந்தியதன்று; இரண்டாம் எண்ணுக்குப் பிந்தியதும் அன்று. நிழலை அளந்து பொழுது சொல்பவர், ‘ஏழு நாழிகைக்கு மேல், எட்டுக்குள்’ என்று கூறுவதை இது ஒத்தது.

இவ்விடைவெளியின் அளவு வெறும் ஊகமன்று. தரவு மையங்களில் ஜி.பி.எஸ். ஏற்பிகளும் அணுக்கடிகாரங்களும் நேரத்தைக் காக்கின்றன. அலைவழி இடையூறு நேரின் முன்னவை தவறலாம். பின்னவற்றை அது தாக்காது. அந்நாளில் மற்றக் கணிப்பொறிகள் 30 விநாடிக்கு ஒருமுறை இவற்றை வினவின. இடைக்காலத்தில் அவற்றின் கடிகாரம் விநாடிக்கு 200 மைக்ரோ விநாடி வரை பிசகலாம் என்று கொண்டனர். எனவே 30 விநாடியில் பிசகு 6 மில்லி விநாடி. செய்திப் போக்குக்கு 1. ஆகவே நடுவிலிருந்து ஒவ்வொரு புறமும் ஐயம் 1 முதல் 7 மில்லி விநாடி வரை ஏறி இறங்கிற்று; சராசரி 4.

இதனை நம் வங்கிக்குப் பொருத்துவோம். கணக்கைப் பூட்டும் கணிப்பொறி, இடைவெளியின் பிந்திய எல்லையையே முத்திரையாகக் கொள்ளும். பிறகு, புதிதாகக் கேட்கும் நேரத்தின் முந்திய எல்லையும் அம்முத்திரையைக் கடக்கும் வரை பொறுத்திருக்கும். ஐயம் 4 மில்லி விநாடியாயின் இப்பொறுமை ஏறத்தாழ 8 மில்லி விநாடி. அதன் பின்னரே ‘பூட்டியாயிற்று’ என்று அறிவிக்கும். அப்போது முத்திரையிட்ட நேரம் உலகெங்கும் கழிந்துவிட்டது திண்ணம். இனி எவ்வூரில் பணம் கேட்டாலும், அங்குள்ள பிந்திய எல்லை மெய்யான நேரத்துக்குக் குறையாதாகையால், அதன் முத்திரை பூட்டுக்குப் பிந்தியே விழும். திருடன் கையில் பணம் சேராது.

ஐயம் மிகுந்தால் காத்திருக்கும் நேரம் மிகும்; வேலை தாமதப்படும்; வரிசை மட்டும் மாறாது. ஆனால் எல்லைகளே பொய்யானால் இம்முறையும் பொய்த்துவிடும். அதனால், வரம்பு மீறி ஓடும் கடிகாரத்தையுடைய கணிப்பொறி பணியிலிருந்து நீக்கப்படுகிறது. தன் ஐயத்தின் அளவைச் சரிவர உரைக்கும் கடிகாரமே இங்குப் பயன்படும். பணம் போட்டவருக்கு வங்கி கூறும் உறுதிமொழி, கண்ணிமைப் பொழுதிலும் குறைந்த இச்சிறு தாமதத்தையே பிணையாகக் கொண்டுள்ளது.