முன்பக்கம் இல்லாத படகு

ஒகேனக்கல் பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது. ஆகவே பின்பக்கமும் கிடையாது. சுக்கான் இல்லை. படகை நேராகப் போகவைக்கும் அடிக்கட்டை இல்லை. துடுப்பை எடுத்துவிட்டால் நீரோட்டத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். படகு கட்டுவதன் பால பாடங்களையே மீறிய இந்த மூங்கில் கூடை, தர்மபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் காவிரி பாறைகளுக்கு இடையே நெருக்கிப் பாயும் இடுக்குகளில் எட்டுப் பேரைக்கூடத் தாங்கிப் போகவல்லது. எப்படி?

வட்டத்திலிருந்து தொடங்கலாம். வழக்கமான பரிசலின் விட்டம் சுமார் இரண்டேகால் மீட்டர். விளிம்பைச் சுற்றி அளந்தால் ஏழு மீட்டர் வரும். அதே ஏழு மீட்டரைச் சதுரமாக மடக்கினால் உள்ளே அடைபடும் இடம் சுமார் 3 சதுர மீட்டர். வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 4. விளிம்பின் நீளம் கூடவில்லை, இடம் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது! மூலை என்று ஒன்று இல்லாததால், பாறையில் இடித்து முதலில் நொறுங்கும் இடமும் இல்லை.

அகலமான அடிப்பாகம் இன்னொரு நன்மையும் செய்கிறது. தண்ணீர் தொடும் மட்டத்தில் பரிசலின் குறுக்களவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 1 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் 31 லிட்டர் தண்ணீர் விலகும். விலகிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு எடையைத் தண்ணீர் தாங்கிப் பிடிக்கும். இதுதான் மிதப்பு விசை. 60 கிலோ உள்ள ஒருவர் ஏறினால் பரிசல் 2 செ.மீ. இறங்கும். எட்டுப் பேருக்கு 15 செ.மீ. பரிசலின் சொந்த எடையையும் துடுப்புப் போடுபவரையும் சேர்த்தால்கூட ஒரு சாணுக்குள் கணக்கு முடிந்துவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பாறைக்கு மேலே முழுச் சுமையோடு தாண்டிப் போய்விடலாம்.

அடுத்தது மூங்கில். வெட்டிய தண்டின் முனையை உற்றுப் பார்த்தால் கருத்த புள்ளிகள் தெரியும். தோல் பக்கம் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக விலகியும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தண்டின் நீளவாக்கில் ஓடும் நார்க்கற்றை. காற்றில் வளையும் தண்டில் வெளிப்புறம்தான் அதிகம் இழுபடுகிறது; இழுவையைத் தாங்கும் நாரையும் மூங்கில் அங்கேதான் குவித்து வைத்திருக்கிறது. நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் கத்தியை வைத்துத் தட்டினால் நேராகப் பிளக்கும். அப்படிப் பிளந்த மெல்லிய பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தை மேலே வளைத்து விளிம்போடு கட்டினால் கூடு தயார். கைதேர்ந்தவர்கள் ஒரே நாளில் ஒரு பரிசலை முடித்துவிடுவார்கள். அது பாறையில் மோதும்போது பிளாச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் நழுவும், கொஞ்சம் வளையும். ஓரிடத்தில் விழுந்த அடி கூடை முழுக்கப் பரவி வலுவிழக்கும். பலகை உடைந்துபோகும் இடத்தில் பரிசல் நெளிந்து தப்பிக்கிறது.

நெளியும் கூட்டுக்கு நெளியும் தோல் வேண்டும். முன்பு நிஜமாகவே தோல்தான். 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய கூடைப் படகுகள் சுற்றிக்கொண்டே ஆற்றைக் கடப்பதையும், தேவைப்பட்டால் அவற்றில் மாட்டையும் குதிரையையும்கூட ஏற்றுவதையும் எழுதிவைத்தார். மெசபடோமியாவில் வரலாறு இன்னும் பின்னே போகிறது. சுமார் கி.மு. 1750ஐச் சேர்ந்த ஒரு களிமண் பலகையைப் படித்த பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல், பிரளயத்திலிருந்து உயிர்களைக் காத்த பேழையை அந்தப் பலகை வட்டமான பரிசலாகவே வர்ணிப்பதாக 2014இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்கி நிலக்கீல் பூச வேண்டும். தளத்தின் பரப்பு 3,600 சதுர மீட்டர். ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பரிசல்!

இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் சாக்கும், அவற்றின் மேல் தாரும். என்னைக் கேட்டால் பரிசலின் மிகப் பெரிய அதிசயம் இந்தக் கறுப்புப் பூச்சுதான். தார் திடமா, திரவமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாரின் நெருங்கிய உறவான கீலை உருக்கி ஒரு புனலில் ஊற்றிவைத்தார்கள். சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாக உடையும் பொருள் அது. 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார்கள். 2014 வரை மொத்தம் ஒன்பது சொட்டுகள் விழுந்தன. அதன் பாகுத்தன்மை, அதாவது ஒழுகுவதற்குத் திரவம் காட்டும் தயக்கம், தண்ணீரைவிட இருபதாயிரம் கோடி மடங்குக்கும் அதிகம். ஆனாலும் ஒழுகுகிறது. பரிசலின் தாருக்கும் இதே குணம் உண்டு. மூங்கில் மெதுவாக நெளியும்போது அதுவும் கூடவே நீளும். தண்ணீரோ அதில் ஒட்டவே ஒட்டாது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் இறுகிப்போகும்போதுதான் விரிசல் விடும். பாறைகளும் தம் பங்குக்கு உரசித் தேய்க்கும். அப்போது பழுதுபார்க்கும் நாள் வரும்.

ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வந்து பரவி நிற்கிறது. அதன் தர்மபுரிக் கரையில் உள்ள நாகமரை, ஒட்டனூர் பக்கங்களில் கணவனும் மனைவியுமாகப் பரிசலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. நாகமரைக் கரையில் அப்படி ஒரு தம்பதி ஓட்டை தேடுவதைப் பார்த்தேன். உச்சி வெயிலில் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு, கணவர் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, மனைவி அடியில் நுழைந்துகொண்டார். விளிம்பு தரையில் இறங்கியதும் உள்ளே கும்மிருட்டு. சற்று நேரத்தில் குரல் வந்தது: “ஏங்க, இங்க ஒண்ணு தெரியுது.” “குச்சிய விடு புள்ள.” தாருக்கு நடுவிலிருந்து ஒரு துடைப்பக் குச்சி எட்டிப் பார்த்தது. வெளியே இருந்தவர் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் வட்டமிட்டார்.

இந்த எளிய சோதனைக்குள் ஒளியியல் ஒளிந்திருக்கிறது. 1 மி.மீ. ஓட்டை வழியே நுழையும் வெயில், 60 செ.மீ. கீழே உள்ள தரையில் 6 மி.மீ.க்கு மேல் அகலமான வெளிச்சப் பொட்டாக விழும். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு வட்டமாகவே இருக்கும். ஏனென்றால் நாம் பார்ப்பது ஓட்டையின் வடிவத்தை அல்ல, சூரியனின் படிமத்தை. கண்ணுக்குத் தப்பும் துளையைச் சூரியனே ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவு சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பாடு எதற்கு? 15 செ.மீ. ஆழத்தில் 1 மி.மீ. துளை வழியே மணிக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். ஒரு சொம்பால் இறைத்துவிடலாம். அதே துளை 1 சதுர செ.மீ. கிழிசலானால் நிமிடத்துக்கு 6 லிட்டர். பத்தே நிமிடத்தில், கணக்கில் வராத இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி 60 கிலோ கூடிவிடும்.

பழைய டின்னில் தார் உருகிக்கொண்டிருந்தது. உரச்சாக்கிலிருந்து வெட்டிய துண்டை ஓட்டையின் மேல், வெளிப்பக்கமாக வைத்து, சூட்டோடு சூடாக மேலே தாரை இழுகினார்கள். வெளிப்பக்கம் ஒட்டுவதில்தான் சூட்சுமம். உள்ளே ஒட்டினால், நுழையும் தண்ணீர் ஒட்டைப் பெயர்க்கப் பார்க்கும். வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் அதை அழுத்திப் பிடிக்கும்: 15 செ.மீ. ஆழத்தில் உள்ளங்கை அகல ஒட்டின் மேல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ அழுத்தம், இரவும் பகலும்.

தார் ஆறியதும் மாலையில் கிளம்பினார்கள், கரையை ஒட்டியே. ஒரு சாண்கூட அமிழாத பரிசலைக் காற்று எளிதாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நடுத்தேக்கத்தைத் தவிர்த்து, கரை வளையும் இடத்தில் எல்லாம் தாங்களும் வளைந்தார்கள். சுழலும் படகை எப்படி நேராக விடுகிறார்கள் என்பதற்கு விடை துடுப்பு விழும் இடத்தில் இருக்கிறது. மற்றப் படகுகளில் துடுப்பு பக்கவாட்டிலோ பின்னாலோ தண்ணீரைத் தள்ளும். கணவரோ போக வேண்டிய திசையில் துடுப்பை நீட்டி, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தார். தரையில் கிடக்கும் கயிற்றைப் பின்னாலிருந்து தள்ளினால் வளைந்து சுருளும், முன்னாலிருந்து இழுத்தால் நேராக வரும். இங்கேயும் அதே கதைதான். ஒவ்வொரு இழுப்பிலும் பரிசல் கொஞ்சம் திரும்பப் பார்க்கும். அடுத்த இழுப்பை மறுபக்கம் போட்டதும் திருப்பம் சரியாகிவிடும்.

வலை கிடந்த இடம் வந்தது. மேட்டூர்த் தேக்கத்தில் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கிடைக்கும். மனைவி விளிம்போரம் குந்தி வலையை இழுக்கத் தொடங்கினார். ஈர வலையும் மீனும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் தாழ்த்தின. கணவர் ஒன்றும் பேசாமல் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் அரை அடி நகர்ந்து உட்கார்ந்தார். விளிம்பு மறுபடி மட்டத்துக்கு வந்தது.