எஞ்சிய துண்டுகளில் எழுந்த இயந்திர மனிதன்



உங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையை ஒருநாள் கவிழ்த்துப் பாருங்கள். மூடியில்லாத பேனா, பேனாவில்லாத மூடி, உடைந்த காரின் சக்கரம், எதற்கென்றே தெரியாத பிளாஸ்டிக் துண்டு எனப் பலவும் உதிரும். "ஏன் இந்தக் குப்பையைச் சுமந்து திரிகிறாய்?" என்று கடிந்துகொண்டு அவற்றை வாரி எறிவது நம் வழக்கம். நானும் ஒருமுறை அவ்வாறு எறிந்தேன். எறிந்தது இன்னதென்று பின்னரே அறிந்தேன். என் தவறு பிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பாடமாக அமையட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

பரணில் தப்பிய பெட்டி

வடசென்னையின் எண்ணூரில், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அங்கிருந்து மாலை வேளையில் மதரஸாவுக்கு ஓதவரும் மாணவன் ஒருவன், வயது பன்னிரண்டு. அவனுடைய தந்தை மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கப்பலில் பணிபுரியும் தாய்மாமன் ஊர் திரும்பியபோது, மருமகனுக்கு இரண்டு பெட்டிகள் வாங்கி வந்திருந்தார். ஒன்றில் விமானம், மற்றொன்றில் பீரங்கி வண்டி.

இவை முழு உருவில் வரும் பொம்மைகள் அல்ல. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த சின்னஞ்சிறு உறுப்புகள், காய்கள் காம்பில் தொங்குவதுபோல் ஒரு சட்டத்தில் ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, தேய்த்து, படத்தைப் பார்த்துப் பசையிட்டு ஒட்டவேண்டும். ஒரே விமானத்தை இரண்டு மூன்று விதமாகச் செய்யும்படி மாற்று உறுப்புகளும் கொடுத்திருப்பார்கள். ஆகையால் வேலை முடிந்த பின்னும் சட்டத்தில் சில துண்டுகள் எஞ்சும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை கொட்டியது. வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர் கடலுக்குச் செல்ல இயலவில்லை. படகு ஓடாதபோது படகு இயந்திரம் பழுது பார்ப்பவருக்கு வேலை ஏது? அந்த வீட்டினுள் புகுந்த எண்ணெய் நீர், அலமாரியில் இருந்த விமானத்தையும் பீரங்கி வண்டியையும் கொண்டு சென்றது. எஞ்சிய துண்டுகளைப் போட்டுவைத்த பெட்டி மட்டும் பரணில் இருந்ததால் தப்பியது.

அந்தப் பெட்டியைக் கொண்டுதான் சிறுவன் ஓர் இயந்திர மனிதனை உருவாக்கினான். விமானத்தின் எண்ணெய்க் கலன்கள் இரண்டும் கால்களாயின. பீரங்கி வண்டியின் சக்கரங்கள் தோள்களாயின. மருந்துப் புட்டியின் மூடி மார்பாயிற்று. நான்கு மாத உழைப்பு!

அதை அவன் மதரஸாவுக்குக் கொண்டுவந்து, ஓதும் நேரத்தில் பக்கத்துப் பையனிடம் காட்டினான். நான் கண்டேன். பறித்தேன். என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பைக் கூடையில் எறிந்தேன். பாடம் நடக்கும்போது விளையாடியதைக் கண்டித்தது என் கடமை. பிள்ளையின் உழைப்பைக் குப்பையாக்கியது கடமையன்று, ஆத்திரம்.

மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்து விவரம் சொன்னார். கூடையைத் தேடினேன், அதை அள்ளிச் சென்று இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

ஒரு தாயின் கேள்வி

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். சிறுவனிடம், "தம்பி, நான் செய்தது தவறு" என்றேன். அவன் தலை குனிந்தபடி, "பரவாயில்லை ஹஜ்ரத். பெட்டியில் இன்னும் கொஞ்சம் துண்டு இருக்கிறது" என்றான். என்னைவிட அவனுக்கு உள்ளம் பெரிது.

அவனுடைய தாயார் கதவோரம் நின்று, "ஹஜ்ரத், உருவம் செய்வது கூடாது என்பதால்தான் எறிந்தீர்களா? இனி அவனைச் செய்ய விடலாமா?" என்று கேட்டார். பல இல்லங்களில் எழும் கேள்வி இது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளவயதில் வைத்திருந்த விளையாட்டுப் பொருள்களுள் ஒரு குதிரை இருந்ததும், அதற்குத் துணித் துண்டுகளால் இரண்டு இறக்கைகள் இருந்ததும் அபூதாவூது நூலில் பதிவாகியுள்ளன. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூற, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். மார்க்க அறிஞர்கள் பலர் இத்தகைய நபிமொழிகளை ஆதாரமாகக் கொண்டு, குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இடமளித்துள்ளனர்.

இதனை அந்தச் சகோதரியிடம் கூறும்போதே என் நெஞ்சு சுட்டது. கந்தல் துணியில் இறக்கை செய்த பிள்ளையிடம் அண்ணலார் கேள்வி கேட்டார்கள். பதிலைக் கேட்டு மகிழ்ந்தார்கள். பலமுறை இந்த நபிமொழியைப் பாடமாக நடத்திய நானோ, கேளாமலே எறிந்தேன்.

முன்னோர் செய்த பொறிகள்

'ரோபோ' என்னும் சொல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாக அது உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். ஆனால் இயங்கும் பொறிகளைப் பற்றிய கனவு அதனினும் மிகப் பழையது. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வானில் பறக்கிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க எந்திர யானை வருகிறது.

கனவாக நில்லாமல் கையால் செய்து காட்டியவர்களுள் ஒருவர் அல்ஜஸரீ. இன்று துருக்கியில் இருக்கும் தியார்பக்கிர் நகரில், அர்த்துகிய மன்னர்களிடம் பணியாற்றியவர். 1206ஆம் ஆண்டில் அவர் நிறைவு செய்த நூலில் ஐம்பது பொறிகளின் அமைப்பும் செய்முறையும் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. ஒளூ செய்யும்போது பணியாளர் தம் கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாததால், நீர் ஊற்றும் பொறியொன்றை அவர் அமைத்தார். அவருடைய யானைக் கடிகாரம் இன்னும் வியப்புக்குரியது. இந்திய யானை, சீனப் பாம்புகள், எகிப்தியப் பறவை, கிரேக்கரின் நீர்ப்பொறி நுட்பம் ஆகியவற்றை அதில் ஒன்றாக இணைத்தார். வெவ்வேறு இடத்தில் பிறந்தவற்றை ஒரே உருவில் பொருந்தச் செய்வதே அங்கும் கலை. பீரங்கிச் சக்கரத்தைத் தோளாக்கிய சிறுவன் செய்ததும் அதுவே.

நம் காலத்தில் திரைப்படக் கலைஞர்களும் இம்முறையைக் கையாண்டனர். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களைச் செய்தவர்கள், கடையில் விற்கும் பீரங்கி, விமானம், கப்பல் பெட்டிகளை ஏராளமாக வாங்கி, அவற்றின் உறுப்புகளை விண்கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினர். திரையில் அவை விளங்காத பெரும் இயந்திரங்களாய்த் தோன்றின. ஜப்பானில் 1979இல் ஒளிபரப்பான 'குண்டம்' தொடரின் போர் இயந்திரங்களை, மறு ஆண்டிலிருந்து பண்டாய் நிறுவனம் ஒட்டிச் செய்யும் பெட்டிகளாக விற்கத் தொடங்கியது. ஒன்றின் கையை மற்றொன்றில் பொருத்திப் புதிய உருவம் காண்பது அவற்றை வாங்குவோரிடையே தனிக் கலையாகவே வளர்ந்தது.

நீங்களும் செய்யலாம்

நானும் சிறுவனும் அவனுடைய தந்தையும் சேர்ந்து இரண்டாம் இயந்திர மனிதனைச் செய்தோம். அப்போது கற்றவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசையும் ஒட்டாது, வண்ணமும் நில்லாது. பிறகு அனைத்தையும் வெள்ளைத் தாளில் பரப்புங்கள். அது விமானத்தில் என்னவாக இருந்தது என்பதை மறந்து, எதனைப் போல் இருக்கிறது என்று மட்டும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையின் உயிர்நாடி இதுதான்.

ஒட்டுவதற்கு முன் களிமண்ணாலோ ஒட்டுநாடாவாலோ தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். எங்கள் முதல் முயற்சி மல்லாந்து விழுந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஏன் விழுவதில்லை? அதன் கனம் அடியில் இருக்கிறது. சிறுவனின் தந்தை இரண்டு இரும்பு நட்டுகளைக் கொடுத்தார். பாதங்களில் அவற்றை வைத்ததும் உருவம் நிமிர்ந்து நின்றது.

பெட்டியில் வரும் பாலிஸ்டைரீன் துண்டுகளுக்கு அதற்கெனவே உள்ள பசை உண்டு. அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கும். ஆனால் பேனா மூடியும் புட்டி மூடியும் பெரும்பாலும் வேறு வகைப் பிளாஸ்டிக். அவை அந்தப் பசைக்கு இணங்கா. அவற்றில் துளையிட்டுக் கம்பியால் பிணைப்பதே வழி. தோள் சுழல வேண்டுமானால், சட்டையில் தைக்கும் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை உடலிலும் மறுபாதியைக் கையிலும் பொருத்துங்கள். அழுத்தினால் சேரும், திருப்பினால் சுழலும். இறுதியாக முழு உருவுக்கும் ஒரே வண்ணம் பூசுங்கள். பல நிறத் துண்டுகள் ஒரே உடலாகிவிடும்.

சில எச்சரிக்கைகள்: வெட்டுகத்தியைப் பெரியவர்களே கையாளுங்கள். பசையையும் வண்ணத்தையும் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக்கை நெருப்பில் உருக்க வேண்டா. அதன் புகை தீங்கானது. கரையில் ஒதுங்கும் ஊசி, மருந்துக் கழிவு, ரசாயனக் கலன் எதனையும் பிள்ளைகள் தொட விடாதீர்கள்.

கேட்ட பின் முடிவு செய்யுங்கள்

இரண்டாம் இயந்திர மனிதனின் மார்பில் இருப்பது என் பழைய பேனாவின் மூடி. அது முதலாவதைப் போல் இல்லை. "முதலில் செய்ததுதான் நன்றாக இருந்தது" என்று சிறுவன் ஒளிக்காமல் சொன்னான். உண்மைதான். நான் எறிந்ததை என்னால் திருப்பித் தர இயலவில்லை. ஆயினும் அவன் மீண்டும் ஓத வருகிறான். ஓதும் நேரம் முடிந்தபின் என்னிடம் வந்து, தான் செய்யப்போவதைக் காட்டுகிறான், நானும் கேட்கிறேன்.

பெற்றோரே! எல்லாப் பிள்ளையும் பொறியாளர் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொம்மை தனக்கென்று ஒரே பெயருடன் வருகிறது. எஞ்சிய துண்டுக்கோ பெயரில்லை. பிள்ளை தான் அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். அதற்குள் நாம் முந்திக்கொண்டு 'குப்பை' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அடுத்தமுறை உங்கள் பிள்ளையின் பையிலிருந்து ஏதேனும் உதிர்ந்தால், எறியுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது என்ன, கண்ணே?" பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அது உண்மையிலேயே குப்பையாக இருந்தால், அதன் பிறகு எறிவதற்கு நேரம் இருக்கிறது.