நடுக்கோட்டை விட்டு விலகும் தையல்

வால் எலும்புக்குச் சற்று மேலே, இரு பிட்டங்களும் சேரும் பிளவின் நடுக்கோட்டில் குண்டூசி முனையளவே உள்ள துளைகளின் வழியாக உதிர்ந்த முடி உள்ளே புகுந்து, தோலுக்கடியில் தங்கிச் சீழ்க்கட்டியையும் சீழ் வடியும் புழையையும் உண்டாக்கும் நோய் பைலோநைடல் சைனஸ் எனப்படும். இளம் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதைப் பலர் பவுத்திரம் என்றே எண்ணிவிடுகின்றனர். பவுத்திரம் ஆசனவாயின் உட்புறத்தோடு தொடர்புடையது, இதற்கு அத்தொடர்பு இல்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்கள் 70,000 பேருக்கு மேல் இந்நோயால் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. குலுங்கும் வண்டிகளில் நெடுந்தொலைவு அமர்ந்து சென்றதால் வருவதென்று கருதி, 1944இல் லூயி பூயி என்ற மருத்துவர் இதனை 'ஜீப் நோய்' என்றார். பிறவிக் குறை என்றே அன்று பலரும் நம்பியதால், நோயுற்ற பகுதியை அகலமாக வெட்டியெடுத்து நடுக்கோட்டிலேயே தைப்பது வழக்கமாயிற்று. ஆழமும் ஈரமும் உராய்வும் முடியும் ஒருங்கே சேருமிடம் அந்தப் பிளவுதான். அதே இடத்தில் தழும்பை வைத்தால் தையல் பிரிவதும் நோய் திரும்புவதும் வியப்பல்ல.

இதை மாற்றியவர்களில் முதன்மையானவர் கிரேக்க இராணுவ அறுவை மருத்துவர் கரிடாகிஸ். நோயுற்ற பகுதியை ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டி, மறுபக்கத் தோலைக் கொழுப்போடு நகர்த்தி, தையலை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்லும் முறையை அவர் 1973இல் வெளியிட்டார். சாய்சதுர வடிவில் வெட்டிய குழியை அருகிலுள்ள தோல் மடலைத் திருப்பி மூடுவது லிம்பர்க் முறை. அதன் கீழ்முனை நடுக்கோட்டில் நின்றால் அங்கேயே நோய் மீளக்கூடும் என்பதால், இன்று அம்முனையையும் சற்று ஒதுக்கி வெட்டுகின்றனர்.

பலமுறை அறுத்தும் ஆறாத புண்ணுக்கு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பாஸ்கம் வகுத்த பிளவு உயர்த்தும் முறை பெரிதும் கைகொடுக்கிறது. இரு பிட்டங்களையும் சேர்த்து அழுத்தி, தோலும் தோலும் தொடும் எல்லையை மையால் கோடிட்டு, பின்னர் அவற்றைப் பிளாஸ்திரியால் விலக்கி ஒட்டி அறுவையைத் தொடங்குவர். நோயுற்ற தோலை மட்டும் நீக்கி, அடியிலுள்ள கொழுப்பை இணைத்துத் தைப்பதால் பள்ளமே மேடேறிவிடுகிறது. ஆழ வெட்டுவதைவிடப் பள்ளத்தின் வடிவை மாற்றுவதே நோயின் காரணத்தைத் தொடும் மருத்துவம்.

சீழ் கட்டி வலிக்கும்போது பெரிய அறுவை தேவையில்லை. நடுக்கோட்டுக்கு ஒதுக்கிக் கீறிச் சீழை வெளியேற்றி, வீக்கம் தணிந்தபின் மற்றதை முடிவு செய்யலாம். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அறுவைக்குச் செல்பவர்கள், தையல் எங்கே அமையப்போகிறது என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுத் தெளிவது அவசியம்.