மருந்தும் மனித உடலும் – 7
செந்தேளின் நஞ்சும் பிரசோசினும்

இந்தியச் செந்தேள் எனப்படும் ஹொட்டன்ரொட்டா தமுலஸ் என்னும் தேளினம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்கிறது என்பதும், அது கொட்டியவர்கள் கடும் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள் என்பதும் 2013 ஆம் ஆண்டில்தான் அறிவியல் ஏடொன்றில் முதன்முறையாகப் பதிவாயின. அதன் பின்னர், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களிடம் காணப்பட்ட நோய்க்குறிகளையும் சிகிச்சையையும் விவரித்த ஆய்வும் வெளிவந்தது. இந்நோயாளருக்குப் பயன்பட்ட பிரசோசின், நஞ்சை முறிக்கும் மருந்து அன்று. உயர் குருதியமுக்கத்தைத் தணிப்பதற்காக உருவாக்கப்பட்ட மாத்திரை. குருதியமுக்க மாத்திரையொன்று தேள்கடிக்கு எவ்வாறு மருந்தாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அதிரினலின் உடலில் செயற்படும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரினல் சுரப்பிகள் அதிரினலினையும், பரிவு நரம்புகளின் முனைகள் நோரதிரினலினையும் வெளிவிடுகின்றன. இவை கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் என்னும் புரதங்களில் பொருந்தும்போதே விளைவு தோன்றுகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் குருதிக்குழாயைச் சுருக்கவும் மற்றோரிடத்தில் சுவாசக்குழாயை விரிக்கவும் செய்வது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ற், அதிரினலினை ஒத்த சில பொருள்களின் வலிமை வரிசை உறுப்புக்கு உறுப்பு மாறுவதைக் கண்டு, வாங்கிகள் அல்பா, பீற்றா என இருவகைப்பட்டவை என்று 1948 இல் முன்மொழிந்தார். பிற்காலத்தில் இவ்விரு வகைகளும் மேலும் பிரிக்கப்பட்டன: அல்பா-1 குருதிக்குழாய்களைச் சுருக்குகிறது, அல்பா-2 நரம்புமுனையிலிருந்து நோரதிரினலின் அளவுக்கு மீறி வெளிவராமல் தடுக்கிறது, பீற்றா-1 இதயத்துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டுகிறது, பீற்றா-2 சுவாசக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. பீற்றா வாங்கிகளை அடைக்கும் புறோபிரனலோலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988 இலும், இவ்வாங்கிகள் அடங்கிய பெருங்குடும்பத்தை ஆராய்ந்த ரொபேர்ட் லெஃப்கோவிற்ஸ், பிறையன் கொபில்கா ஆகியோர் 2012 இலும் நோபல் பரிசு பெற்றனர்.

செந்தேளின் நஞ்சு இவ்வாங்கிகளை நேரடியாகத் தாக்குவதில்லை. அது நரம்புகளின் சோடியம் கால்வாய்களைப் பற்றி, அவை உரிய நேரத்தில் மூடாதபடி செய்வதால், நரம்புகள் ஓய்வின்றித் தூண்டப்படுகின்றன. தொடக்கத்தில் வாந்தி, மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு ஆகியன தோன்றுகின்றன. பின்னர் அதிரினலினும் நோரதிரினலினும் குருதியில் பெருகும்போது அல்பா-1 வாங்கிகள் வழியாகக் குருதிக்குழாய்கள் இறுகி, கைகால்கள் குளிர்ந்து, குருதியமுக்கம் ஏறுகிறது. இறுகிய குழாய்களுக்குள் குருதியைத் தள்ள வேண்டிய பளு இதயத்தின்மேல் விழுகிறது. இதயத்தசை சோர்ந்து, நுரையீரலில் நீர் தேங்கி, மூச்சுத்திணறல் உண்டாகிறது. சிறுவர்களுக்கே இந்நிலையில் ஆபத்து மிகுதி.

மகாராட்டிர மாநிலத்தின் ராய்காட் மாவட்டத்தில் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய வைத்தியர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இச்சங்கிலியின் நடுக்கண்ணி அல்பா-1 என்று கண்டு, அதனை மட்டும் தேர்ந்து அடைக்கும் பிரசோசினை 1980களில் தம் நோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கினார். அம்மருந்து குருதிக்குழாய்களைத் தளர்த்த, இதயத்தின் பளு இறங்குகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் முன்னர் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்த நிலை மாறி, பிரசோசின் வந்த பின்னர் இறப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதாக அவர் எழுதியுள்ளார். நஞ்சுமுறியையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் பிரசோசின் மட்டும் பெற்றவர்களைவிட விரைவில் தேறினர் என்பதை அவரும் அவருடன் பணியாற்றியோரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிராமத்து வைத்தியசாலையொன்றில் கூர்ந்து நோக்கியதால் கிடைத்த இவ்வறிவு, குடாநாட்டு நோயாளருக்கும் பயன்பட்டிருப்பது போற்றத்தக்கது.

எந்த வாங்கியைத் தொடுவது என்னும் தெரிவே இங்கு உயிரைக் காப்பதும் கெடுப்பதும் ஆகும். குருதியமுக்கமும் இதயத்துடிப்பும் கூடியுள்ளன என்பதற்காக புறோபிரனலோல் போன்ற பீற்றா தடுப்பியைக் கொடுத்தால், அல்பா வழியான சுருக்கம் அப்படியே நீடிக்க, அப்பளுவைத் தாங்க வேண்டிய இதயத்தின் வலு மட்டும் குறைந்துவிடும். மாறாக, இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் தேங்கிய பின்னர், பீற்றா-1 வாங்கியைத் தூண்டும் டொபுற்றமினே தேவைப்படலாம்.

பாம்புக்கடி நோயாளரிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். குதிரையின் குருதியிலிருந்து பெறப்படும் பாம்பு நஞ்சுமுறி சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்துகிறது. அப்போது குருதிக்குழாய்கள் தளர்ந்து கசிய, சுவாசக்குழாய்கள் இறுகுகின்றன. அதிரினலின் அல்பா-1 வழியாக முன்னதையும் பீற்றா-2 வழியாகப் பின்னதையும் சீராக்குகிறது. இலங்கையில் 1,007 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு, நஞ்சுமுறிக்கு முன் சிற்றளவு அதிரினலினைத் தோலடியில் ஏற்றுவது முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்தது என்று காட்டியது. பாம்பு கடித்தவருக்கு மருந்தாகும் அதே பொருளின் மிகையே செந்தேள் கொட்டியவரை வீழ்த்துகிறது.

ஆகவே, தேள் கொட்டியவருக்கு வீட்டிலுள்ள பெரியவரின் குருதியமுக்க மாத்திரையைக் கொடுப்பது பெருந்தவறு. அது பீற்றா தடுப்பியாக இருக்கலாம். பிரசோசினும்கூட, முதல் வேளையிலேயே குருதியமுக்கத்தைச் சடுதியாகத் தாழ்த்தக்கூடியதாகையால், நோயாளரைப் படுக்கவைத்துக் கண்காணித்தே கொடுக்கப்படுகிறது. கொட்டிய இடத்து வலி சிறிதாயினும் வாந்தி, மிகுந்த வியர்வை, குளிர்ந்த கைகால்கள் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், குறிப்பாகச் சிறுவர்களை, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பீற்றா-2 வாங்கியையே இலக்காகக் கொண்ட ஆஸ்துமா மருந்துகளைப் பற்றி அடுத்த வாரம் நோக்கப்படும்.