கடைசல் வேலையில் பிடிப்பு

கிணற்றுப் பம்பின் தண்டு சுழலும் இடத்தில் கன்மெட்டலாலான சிறு புஷ் ஒன்று உண்டு. அது தேய்ந்தால் தண்டு ஆடும். பயிர் வாடும் வேளையில் பம்பு நின்றுவிடும். காவாந்தண்டலம் போன்ற ஊர்களில் இதன் நஷ்டத்தை விவரிக்க வேண்டுவதில்லை. புதிதாகக் கடைந்து பொருத்திய புஷ்ஷும் சில நாட்களிலேயே சூடேறித் தேய்ந்தால், உலோகம் மட்டம் என்று பழிப்பது வழக்கம். குற்றம் உலோகத்தில் இல்லாமல், கடையும்போது அதைப் பிடித்த முறையிலும் இருக்கக்கூடும்.

லேத்து எனும் கடைசல் இயந்திரத்தில் பொருள் சுழலும். உளி நகர்ந்து செதுக்கும். பொருளைப் பற்றும் உறுப்பே சக். மூன்று தாடை சக்கில் சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒருசேர நெருங்கும். வேலை விரைவாகும் என்பது உண்மையே. ஆயின் மெல்லிய வளையத்தை அதில் இறுக்கினால், தாடை பட்ட மூன்றிடங்களிலும் வளையம் உள்ளொடுங்கும். அந்நிலையில் துளையை வட்டமாகக் கடைந்து, பின் தளர்த்தினால், ஒடுங்கிய இடங்கள் மீண்டும் விரியும். துளை மும்மூலைச் சாயல் பெற்றுவிடும். தண்டு சில இடங்களில் மட்டும் உரசும், அங்கே சூடேறும். சக்கில் இருக்கையில் அளந்தால் இக்குறை தெரியவே தெரியாது!

தேர்ந்த தொழிலாளர் கடைசிச் சீவலுக்கு முன் பிடியைச் சற்றே தளர்த்துவர். அல்லது கனத்த உருளையிலேயே உள்ளும் புறமும் கடைந்து முடித்து, இறுதியில் அறுத்தெடுப்பர். பின்னதே மேல் என்பது என் கருத்து.

நாடாவின் முனையிலுள்ள இரும்புக் கூர் போன்ற சிறு பண்டங்களுக்குக் காலெட் ஏற்றது; அது சுற்றிலும் சமமாகப் பற்றும். கம்பி தன் விட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்குக்குமேல் வெளியே நீண்டால் உளிக்கு வளைந்து கொடுக்கும். மறுமுனைக்கும் தாங்கல் வேண்டும். விட்டம் குறையக் குறையச் சுழற்சி கூட வேண்டும். மெல்லிரும்பை நிமிடத்திற்கு 25 மீட்டர் வீதம் வெட்டுவதாயின், 10 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 800 சுற்றும், 5 மில்லிமீட்டர் கம்பிக்கு 1,600 சுற்றும் ஆகும்.

இவ்வேகத்தில் பிடி நழுவிய துண்டு கண்ணைக் கெடுக்கும். சாவியைச் சக்கிலேயே விட்டு இயந்திரத்தை ஓட்டலாகாது. மேல்துண்டும் கையுறையும் அருகே கூடா. தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடுவதும் தகாது. துளை முடியும் தறுவாயில் துரப்பணம் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும்.

இந்திய அரசு 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர் தொழில் இரண்டாண்டுகள் கற்பிக்கப்படுகிறது. தொடக்கத்தில் பிள்ளை அரமும் வைஸுமாகவே நிற்கிறானே என்று பெற்றோர் சலிக்க வேண்டாம். வைஸின் தாடைக்கும் பண்டத்துக்கும் இடையே செப்புத் தகடு வைத்து, தழும்பு விழாமல் இறுக்கும் அளவு அங்கேதான் கைக்குப் பழகுகிறது.